'எனக்கு நடக்கவில்லையே!' – இது ஒரு பதிலா?

(மூன்றாமாண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



நிறவெறி, இனவெறி என்று பேச்சை எடுத்தாலே நம்மில் பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "அப்படியெல்லாம் எனக்கு ஒண்ணும் நடந்ததில்லையே! நான் பார்த்ததும் இல்லையே! சும்மா பெரிசு பண்றாங்கப்பா!" என்பதுதான் அந்தப் பதில். இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் நல்லவர்கள்தான். யாரையும் கை நீட்டி அடிக்காதவர்கள். அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. உண்மையிலேயே அவர்களுக்கு நடக்கவில்லை. உண்மையிலேயே அவர்கள் பார்க்கவில்லை.

ஆனால் தோழர்களே, 'எனக்கு நடக்கவில்லை' என்பது ஒரு செய்தி. 'ஆகவே அது உலகத்தில் இல்லை' என்பது ஒரு தீர்ப்பு. அந்தச் செய்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பை எழுதலாமா? எழுதக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

அம்மீட்டர் சொல்லும் பாடம்

இதை நமக்கு முதலில் சொல்லித் தந்ததே நம் லேப்தான். பக்க இணைப்பில் இரண்டு கிளைகள் உள்ள ஒரு சர்க்யூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கிளையில் அம்மீட்டரை மாட்டியிருக்கிறோம். அது அந்தக் கிளையில் ஓடும் கரண்ட்டை மட்டும்தான் காட்டும். இரண்டாவது கிளையில் ரெசிஸ்டர் சூடேறிப் புகைந்தாலும் முதல் கிளையில் இருக்கும் மீட்டருக்கு அது தெரியாது. "என் மீட்டர்ல முள் அசையலை, அதனால அந்தக் கிளையில கரண்ட்டே கிடையாது" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கொடுத்தால் சார் என்ன செய்வார்? சிவப்பு மையில் ஒரே அடியாக அடித்துத் தூக்கி எறிவார்!

மீட்டரில் கோளாறு இல்லை. அது உண்மையைத்தான் காட்டியது. அது மாட்டப்பட்ட இடம் வேறு, அவ்வளவுதான். இரண்டாவது கிளையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கிளையில் இருக்கும் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். மனிதர்கள் விஷயத்திலும் இதுவே விதி. அவமானம் யார் மேல் விழுகிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரே பஸ், இரண்டு அனுபவம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்று ஓர் ஊர். 1955 டிசம்பர் 1ஆம் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண்மணி வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார். வெள்ளையர் ஒருவருக்காக இடத்தை விட்டு எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். அவர் மறுத்தார். கைது செய்யப்பட்டார். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போனார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. இது நாம் எல்லோரும் கேள்விப்பட்ட கதைதான்.

நான் கேட்பது வேறு. அதே பஸ்ஸில் தினமும் போய் வந்த ஒரு சாதாரண வெள்ளைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் ஏறினார், உட்கார்ந்தார், இறங்கினார். யாரையும் திட்டவில்லை. "நம்ம ஊர் பஸ் எப்படி?" என்று அவரைக் கேட்டால், "நல்லாத்தானே ஓடுது!" என்றிருப்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை!

இன்னொரு விஷயம். நியூயார்க் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் ஒரு கையேட்டை வெளியிட்டு வந்தார். 'கிரீன் புக்' என்பார்கள். எந்த ஊரில் எந்த ஓட்டலில் கறுப்பர்களுக்கு அறை தருவார்கள், எங்கே சாப்பாடு கிடைக்கும், எந்தப் பெட்ரோல் பங்கில் மரியாதையாக நடத்துவார்கள் என்ற முகவரிப் பட்டியல் அது. கடைசிப் பதிப்பு 1966-67இல் வந்தது. அதாவது, காரில் குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டுமானால் முதலில் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கறுப்பர் கிளம்ப வேண்டும்! அதே ரோட்டில் போன வெள்ளையருக்கு அப்படி ஒரு புத்தகம் தேவைப்படவே இல்லை. தேவைப்படாத புத்தகத்தைப் பற்றி யார் விசாரிக்கப் போகிறார்கள்?

இதன் விளைவைப் பாருங்கள். 1963ஆம் ஆண்டு. பர்மிங்ஹாமில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்த ஆண்டு. அதே ஊரில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற ஆண்டு. அந்த ஆண்டில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில், "எங்கள் பகுதியில் கறுப்பர்கள் சமமாகத்தான் நடத்தப்படுகிறார்கள்" என்ற கருத்தைச் சொன்ன வெள்ளையர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு! இத்தனை லட்சம் பேரும் வேண்டுமென்றே பொய் சொன்னார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் கிளையில் இருந்த மீட்டரைப் பார்த்துச் சொன்னார்கள். பக்கத்துக் கிளையில் இருப்பவரைக் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு.

யார் சொன்னால் நம்புவோம்?

சிலருக்குக் கேட்டாலும் நம்பிக்கை வராது. டெக்சாஸைச் சேர்ந்த ஜான் ஹோவர்ட் கிரிஃபின் என்ற வெள்ளை எழுத்தாளர் 1959இல் மருந்து சாப்பிட்டு, விளக்கொளியில் கிடந்து, தன் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு தென் மாநிலங்களில் பல வாரங்கள் சுற்றினார். அதே மனிதர், அதே படிப்பு, அதே பேச்சு. தோலின் நிறம் மட்டும்தான் மாறியிருந்தது. உட்கார இடம் இல்லை, தண்ணீர் குடிக்க இடம் இல்லை, முறைப்பும் வெறுப்பும்தான் மிச்சம். 1961இல் 'பிளாக் லைக் மீ' என்ற பெயரில் புத்தகமாக எழுதினார். பெரும் பரபரப்பு.

அவருடைய துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவர் சில வாரம் பட்டதைக் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்கள்? பாட்டாகப் பாடினார்கள், புத்தகமாக எழுதினார்கள், கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். அப்போதெல்லாம் நம்பாதவர்கள், ஒரு வெள்ளைக்காரர் வேஷம் போட்டுக்கொண்டு போய் வந்து சொன்ன பிறகு, "அடடா, அப்படியா!" என்றார்கள். பட்டவன் சொன்னால் புலம்பல், பார்த்துவிட்டு வந்தவன் சொன்னால் ஆதாரம்! இது என்ன நியாயம்?

அதெல்லாம் பழைய கதை என்பீர்களா? 2020 மே 25ஆம் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் இறந்தார். கைது செய்யும்போது ஏற்பட்ட உடல்நலக் கோளாறால் ஒருவர் இறந்துவிட்டார் என்ற மாதிரிதான் போலீஸின் முதல் அறிக்கை இருந்தது. ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக ஒரு போலீஸ்காரர் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதை, அங்கே நின்ற 17 வயதுப் பெண் செல்போனில் படம் எடுத்திருந்தார். அந்தப் படம் வந்த பிறகுதான் உலகமே நம்பியது. மறு ஆண்டு அந்தப் போலீஸ்காரர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 17 வயது! கிட்டத்தட்ட நம் வயது! ஆனால் யோசித்துப் பாருங்கள், செல்போன் இல்லாத காலத்தில், கேமரா இல்லாத தெருவில் நடந்தவையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ந்தன?

கருவிக்கும் நிறம் தெரியும்

நாம் டெக்னிக்கல் படிக்கிறவர்கள். "மனுஷன் பாரபட்சம் பார்ப்பான், மெஷின் பார்க்காது" என்று நினைப்போம். அதையும் கொஞ்சம் சோதித்துவிடலாம்.

கொரோனா காலத்தில் நம் தெருக்களில் எல்லாம் பல்ஸ் ஆக்சிமீட்டர் புழங்கியது. விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். வேலை செய்யும் விதம் எளிது. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, இரண்டையும் விரல் வழியே செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று கணக்குப் போடும். ஆனால் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமியும் ஒளியை உறிஞ்சுமே! 2020 டிசம்பரில் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 சதவீதம் என்று நல்லபடியாகக் காட்டிய நேரத்தில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88க்கும் கீழே இறங்கியிருந்தது எத்தனை முறை? வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு! மூச்சுக்குத் திணறுகிறவரைப் பார்த்து, "உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று மெஷினே சொல்லிவிடுகிறது!

போட்டோ பிலிமும் அப்படித்தான். கோடாக் கம்பெனி அந்தக் காலத்தில் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்று ஒன்றை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருக்கும். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று பொருள். கறுப்பு முகங்கள் இருட்டாக விழுந்தன. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. இது மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம் என்ன தெரியுமா? மர நாற்காலி, மேஜை செய்யும் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும், "எங்கள் பொருளின் நிறம் படத்தில் சரியாக விழவில்லை" என்று புகார் செய்தார்களாம். கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. மனிதத் தோலுக்குக் கிடைக்காத கவனம் சாக்லேட்டுக்குக் கிடைத்தது!

2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கம்ப்யூட்டர் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை!

இவற்றைச் செய்த இன்ஜினியர்கள் எல்லாம் நிறவெறி பிடித்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் விரலை வைத்துப் பார்த்தார்கள், தங்கள் முகத்தைக் காட்டிப் பார்த்தார்கள். சரியாக வேலை செய்தது. "எனக்கு நடக்கலையே" என்ற அதே வாக்கியம்தான் சர்க்யூட்டாகவும் பிலிமாகவும் புரோகிராமாகவும் மாறி ஆஸ்பத்திரிக்குள்ளே வந்துவிட்டது. நாளைக்கு நாமும் கருவி செய்யப் போகிறவர்கள். நம் தோலும் வெளிர் அல்ல என்பதைக் கண்ணாடி சொல்லும்!

என் சொந்தக் கணக்கில் ஒன்று

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அப்பா சென்ட்ரிங் வேலை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். முதலாமாண்டில் ஆங்கிலத்தில் இருக்கும் லேப் மேனுவலைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் லேப் நேரமே முடிந்துவிடும். "புரியலைன்னா எழுந்து கேட்க வேண்டியதுதானே, யார் தடுத்தா?" என்பான் என் நண்பன். அவன் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லோரும் படித்தவர்கள். அவன் சொன்னதும் நியாயம்தான். யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் எழுந்து நிற்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்வது எனக்கு மட்டும்தானே தெரியும்?

இதை நிறவெறியோடு சமமாக வைக்க நான் வரவில்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். ஒரு சின்ன விஷயத்திலேயே பக்கத்து பெஞ்சில் இருக்கும் உயிர் நண்பனுக்குக்கூட என் கஷ்டம் தெரியவில்லையே, அப்படியானால் கடல் கடந்து இருப்பவர்களின், வேறு நிறத்தவரின் வலி எனக்குத் தானாகவே தெரிந்துவிடுமா என்றுதான் கேட்கிறேன்.

மூன்று ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம்: "யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிடணுமா?" வேண்டாம். பீஸ் போயிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன செய்வோம்? "என் வீட்ல லைட் எரியுது, நீ பொய் சொல்றே" என்போமா? டெஸ்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் அல்லவா? அந்த மரியாதையைத்தான் இங்கேயும் கேட்கிறேன். காது கொடு, விசாரி, பிறகு முடிவு செய்.

இரண்டாவது ஆட்சேபம்: "நான் ஒண்ணுமே பண்ணலையே, நான் ஏன் ஒத்துக்கணும்?" ஒப்புக்கொள்வது வேறு, குற்றத்தைத் தலையில் ஏற்றுக்கொள்வது வேறு. ஊரில் வெள்ளம் வந்தது என்று ஒப்புக்கொண்டால் வெள்ளத்தைக் கொண்டுவந்தது நான் என்று ஆகிவிடாது. ஆனால் வெள்ளமே வரவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தால், மூழ்குகிறவனுக்குக் கயிறு போட யாரும் வர மாட்டார்கள்.

மூன்றாவது ஆட்சேபம்: "நமக்கே ஆயிரம் கஷ்டம், ஊரான் கஷ்டம் எதுக்கு?" இதற்கு நம் சென்னைக்காரர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 1974இல் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிச் சுற்றுக்குப் போனது. அணியில் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா. 1948 முதல் நிறவெறியைச் சட்டமாகவே வைத்து ஆண்ட நாடு அது. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில், பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்களில் 69 பேரைச் சுட்டுக் கொன்ற அரசு. அந்த நாட்டோடு விளையாட மாட்டோம் என்று இந்தியா முடிவெடுத்தது. விளையாடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. இன்றுவரை இந்தியா டேவிஸ் கோப்பையை வென்றதில்லை!

அந்த வீரர்களை ஜோகன்னஸ்பர்க் பஸ்ஸில் யாரும் எழுப்பிவிடவில்லை. முடிவு அரசாங்கத்தின் முடிவு, நஷ்டம் அவர்களுடையது. ஆனாலும் நேரில் படாத ஒரு கொடுமையை ஒரு நாடே ஒப்புக்கொண்டு, அதற்கு விலையும் கொடுத்தது. 'ஒப்புக்கொள்வது' என்றால் இதுதான். வாயால் "ஐயோ பாவம்" என்பதோடு முடிகிற சமாச்சாரம் அல்ல.

நம் வாசலில்

சரி, நம் நாட்டுக்குள் வருவோம். "இந்தியாவுல ஏதுங்க நிறவெறி?" என்று கேட்பவர்கள் வடகிழக்கு மாநிலத்தவரைக் கேட்டுப் பார்க்கட்டும். 2012 ஆகஸ்டில், தாக்கப்படுவோம் என்ற வதந்திக்குப் பயந்து பெங்களூர் முதலிய நகரங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் கிடைத்த ரயிலில் ஏறி ஊருக்குப் போனார்கள். வெறும் வதந்திக்கு இத்தனை பேர் ஓடுவார்களா? அதற்கு முன் அன்றாடம் பட்டது எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! 2014 ஜனவரியில் டெல்லியில், அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு உயிரிழந்தார். அதன் பிறகுதான் மத்திய அரசு பெஸ்பருவா தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழு அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை கொடுத்தது. ஓர் உயிர் போன பிறகுதான் காது திறந்தது!

இன்னும் கிட்டே வருவோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் – நாம் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகும் இடங்கள். அங்கே பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அசாமிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமா, "டேய் வடக்கா" என்று கூப்பிடுகிறோமா? கேட்டால், "சும்மா தமாஷுக்குங்க, அவனே சிரிப்பான்" என்போம். அவன் சிரிக்காமல் என்ன செய்வான்? மறுநாளும் அதே லைனில் நிற்க வேண்டுமே! இதற்கு நிறவெறி என்று பெயர் வைப்பதா, வேறு பெயர் வைப்பதா என்பதைப் பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும். படுகிறவனுக்கு வலி ஒன்றுதான்.

"எங்க ஊர்ல யாருங்க சாதி பார்க்கிறா?" என்ற வாக்கியமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதைச் சொல்பவர் டீக்கடையில் எந்தக் குவளையில் குடித்து வளர்ந்தார் என்று கேட்டால் பாதி விவரம் வெளியே வந்துவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

டிப்ளமோ படித்தவன் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகிறான். அவனுக்குக் கீழே இருபது பேர், முப்பது பேர். அதில் ஒருவன் வந்து, "சார், என்னை இப்படிக் கேவலமாப் பேசுறாங்க" என்று சொல்லும் நாள் கண்டிப்பாக வரும். அன்று நாம், "அப்படியா? எங்கிட்ட யாரும் அப்படிப் பேசலையே!" என்று சொல்லிவிட்டால் போதும், அந்தப் புகார் அங்கேயே செத்துவிடும். அவன் அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்க மாட்டான். நாம் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னோம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் அவனுக்கு இருந்த ஒரே கதவும் சாத்தப்பட்டுவிட்டது.

அதற்குப் பதிலாக மூன்று சொற்கள் போதும்: "சொல்லுப்பா, என்ன நடந்துச்சு?" அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்போம். அவன் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்ப்போம். நிஜம் என்று தெரிந்தால், பேசியவன் நம் ஊர்க்காரனாக, நம் நண்பனாக இருந்தாலும் அவனிடம் போய்ச் சொல்வோம்.

அதற்கு வேலையில் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஹாஸ்டலில், நம் கேன்டீனில், நம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் தோழனிடமிருந்தே ஆரம்பிக்கலாம். அவன் கிளையில் என்ன ஓடுகிறது என்று அவனைக் கேட்போம்! கேட்டதை நம்பிச் செயல்படுவோம்!